மயிலாப்பூருக்கு வந்த நீல்ஸ் போர்

1960ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னை மயிலாப்பூரில் ‘ஏகாம்ர நிவாஸ்’ என்னும் இல்லத்திற்கு வெளிநாட்டு முதியவர் ஒருவர் விருந்தினராக வந்தார். டென்மார்க்கு நாட்டவர், அணுவின் அமைப்பை ஆராய்ந்தமைக்காக 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர், பெயர் நீல்ஸ் போர். தாழ்ந்த குரலில் பேசும் பெரியவர்க்குத் தமிழ் எழுத்தில் இப்படியொரு பெயர் வாய்த்தது வேடிக்கையே. எனினும் ஐன்ஸ்டைனோடு கால் நூற்றாண்டுக்கு மேல் அவர் நிகழ்த்திய சொற்போர், அறிவியல் வரலாற்றில் தலையாயவற்றுள் ஒன்று.

அவ்வழக்கு யாது? அந்நாளில் நாகப்பட்டினத்திற்கும் பினாங்கிற்கும் ஓடிய ரஜூலா கப்பலிலிருந்து ஒரு பயணி இறங்கிப் பெட்டியைத் திறக்கிறார். இடக்காற் செருப்பு மட்டும் இருக்கிறது. நாகையில் விடுபட்டது வலக்காற் செருப்பு என்பதை அக்கணமே அறிந்துகொள்கிறார். இதில் மாயமில்லை, பெட்டி கட்டும்போதே அது இடச் செருப்புத்தான். ஒன்றாய்த் தோன்றித் தொலைவில் பிரிந்த இரு துகள்களின் பண்புகளும் இவ்வாறே முன்னரே அமைந்தவை. அவற்றைக் கூறாத குவாண்டம் கொள்கை நிறைவற்றது என்பதே ஐன்ஸ்டைனின் கருத்து. பொடால்ஸ்கி, ரோசன் இருவருடன் 1935இல் அவர் எழுதிய கட்டுரை இவ்வழக்கைத் தொடுத்தது. எக்கருவியால் எதனை அளக்கிறோம் என்பதை நீக்கித் துகளின் பண்பைத் தனித்துப் பேசவியலாது என அவ்வாண்டே மறுமொழி எழுதினார் நீல்ஸ் போர். துகள்களின் இவ்வுறவிற்குப் ‘பின்னல்’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டியவர் ஷ்ரோடிங்கர்.

மயிலாப்பூர் இல்லம், அரசியல் சட்ட வரைவுக் குழுவில் பணியாற்றிய அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயருடையது. அவர் மைந்தர் ராமகிருஷ்ணன், பிரின்ஸ்டனிலிருந்து திரும்பியபின், மாணாக்கரை வீட்டிலேயே கூட்டிப் புத்தியற்பியல் பயிற்றி வந்தார். தனிக் கட்டடமில்லை, ஆய்வுக்கூடமில்லை. பம்பாயின் பெரும் ஆய்வு நிலையத்தோடு இச்சிறு குழுவையும் சேர்த்து நீல்ஸ் போர் பாராட்டிச் சென்றார். அமைச்சர் சி. சுப்பிரமணியம் முயன்றார்; பிரதமர் நேரு இசைந்தார். 1962 சனவரி 3ஆம் நாள் கணித அறிவியல் நிறுவனம் சென்னையில் தோன்றியது. அவ்வாண்டு நவம்பரில் நீல்ஸ் போர் மறைந்தார். ஐன்ஸ்டைன் 1955லேயே மறைந்திருந்தார்.

வழக்கும் அவர்களோடு முடிந்தது என்றே பலர் கருதினர். வென்றவர் நீல்ஸ் போர் என்று மாணாக்கர்க்குக் கற்பிக்கவும் பட்டது. 1964இல் அயர்லாந்து அறிஞர் ஜான் பெல் அதை மீண்டும் திறந்தார். பண்புகள் முன்னரே அமைந்து, ஓரிடத்து அளவீடு மற்றோரிடத்தைத் தொடாதெனின், பல திசைகளில் அளக்கும்போது விடைகளின் ஒற்றுமை ஒரு வரம்பைக் கடக்கலாகாது என்று காட்டினார். குவாண்டம் கொள்கையோ கடக்கும் என்கிறது. இனி ஆய்வுக்கூடம் தீர்ப்புக் கூறலாம்! 1972இல் கிளவுசரும் ஃபிரீட்மனும், 1982இல் ஆஸ்பேயும் ஒளித்துகள்களைக்கொண்டு அளந்தனர். வரம்பு கடந்தது. கிளவுசர், ஆஸ்பே, சைலிங்கர் மூவர்க்கும் 2022இல் நோபல் பரிசு கிடைத்தது.

செருப்பு உவமை வீழ்ந்தது மெய். ஆயின் அதனால் நீல்ஸ் போரின் விளக்கமே முடிந்த முடிபென்று கொள்வது மிகை. அளக்கும்போது நிகழ்வது என்ன என்பதில் அறிஞர் இன்றும் பிளவுபட்டே நிற்கின்றனர். பின்னலைக்கொண்டு ஒளியினும் விரைவாகச் செய்தி அனுப்பலாம் என்பாரும் உளர், அது பிழை.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற சுதர்சன், மிஸ்ராவுடன் சேர்ந்து 1977இல் மற்றொரு விந்தையைக் காட்டினார்: நிலையற்ற துகளை ஓயாது நோக்கிக்கொண்டிருந்தால் அது சிதையாது நிற்கும்! அவரே 1984இல், மயிலாப்பூர் வீட்டுக் கூட்டத்திலிருந்து வளர்ந்த அந்நிறுவனத்தின் இயக்குநரானார்.