ஒன்றே முக்கால் ரூபாய்க் கடன்

காபி டம்ளரோடு 'தி ஹிந்து'வை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தேன். கல்லூரியில் படிக்கும் பேரன் வந்தான். "தாத்தா, நாங்க பசங்க சேர்ந்து ஒரு பத்திரிகை ஆரம்பிக்கறோம். அரசியல் எழுதலாமா?" என்றான். "இதோ என் மடியில கிடக்கிறதே, இது அப்படி ஆரம்பிச்சதுதான்டா" என்றேன். நம்பவில்லை.

நானும் இதை லேட்டாகத் தெரிந்துகொண்டவன்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவனுக்கு நெப்போலியன் தெரியும், திருவல்லிக்கேணி தெரியாது. வேலை கிடைத்து மயிலாப்பூரில் குடியேறிய பிறகுதான் இதெல்லாம் படித்தேன்.

1878-இல் முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். சிறுவயதில் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்துக்குக் கிராமக் கணக்கு எழுதியவர். வெள்ளைக்காரர்களின் பத்திரிகைகளுக்குப் பொறுக்கவில்லை, எதிர்த்து எழுதின. பதில் எழுத நம்மவர்களுக்குப் பத்திரிகை கிடையாது. குமாஸ்தாவாகவே காலம் தள்ளிய எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போது இன்றும் கோபம் வரும்.

திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்து இளைஞர்கள் ஆறு பேர் கிளம்பினார்கள். ஜி. சுப்பிரமணிய ஐயருக்கு 23 வயது, வீரராகவாச்சாரியாருக்கு 21, இருவரும் வாத்தியார்கள். டி.டி. ரங்காச்சாரியார், பி.வி. ரங்காச்சாரியார், கேசவராவ் பந்துலு, சுப்பாராவ் பந்துலு நால்வரும் சட்ட மாணவர்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, தங்கசாலைத் தெரு ஸ்ரீநிதி அச்சகத்தில் 80 பிரதிகள் அடித்தார்கள். 1878 செப்டம்பர் 20. வாரப் பத்திரிகை, எட்டுப் பக்கம், விலை நாலணா. அத்தனையும் விற்றால் 20 ரூபாய் வரும். (கணக்குப் போடாமல் எனக்கு இருக்க முடியாது.) ஆனால் அன்றைக்கு நாலணா என்ன சின்னக் காசா?

படிப்பு முடிந்ததும் மாணவர்கள் வக்கீல் தொழிலுக்குப் போய்விட்டார்கள். சுப்பாராவ் ராஜமுந்திரி போனார். பாரம் முழுக்க இரண்டு வாத்தியார்கள் தலையில். எழுத்து ஐயருடையது, வரவு செலவு ஆச்சாரியாருடையது. பத்திரிகை சில காலம் எங்கள் மயிலாப்பூரில், ரகுநாத ராவின் அச்சகத்தில்கூட அச்சாகியிருக்கிறது. 1883-இல் மவுண்ட் ரோடு போய் வாரம் மூன்று நாள் வந்தது, 1889-இல் நாளிதழானது.

1898-இல் இருவரும் பிரிந்தார்கள். ஐயர், தாம் 1882-இல் தொடங்கிய 'சுதேசமித்திர'னோடு போனார். 1904-இல் அங்கே உதவியாசிரியராக ஓர் இளைஞரைச் சேர்த்துக்கொண்டார். அந்த இளைஞர் பாரதி. நாலே வருஷத்தில் போலீசுக்குத் தப்பி அவர் வந்து சேர்ந்தது எங்கள் புதுச்சேரிக்கு.