தாய்வீடு இல்லாத பிரசவங்கள்

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். தமிழ்க் குடும்பங்களில் இது எழுதாத சட்டம். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைப் பிறந்த வீட்டார் அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். வலி எடுக்கும்போது பக்கத்தில் அம்மா இருப்பாள். அவள் கையை இறுகப் பிடித்துக்கொள்ளலாம். வலி தாங்காமல் அவள் மேலேயே எரிந்து விழலாம். பிள்ளை பிறந்த பிறகு பச்சை உடம்புக்கு என்ன கொடுப்பது, எதைத் தள்ளுவது என்பதையெல்லாம் அவளே பார்த்துக்கொள்வாள்.

அந்தத் தாய்வீடு கடலுக்கு அப்பால் இருந்தால்?

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கிய ஒவ்வொரு இளம்பெண்ணின் முன்னாலும் இந்தக் கேள்வி நின்றது. 1926இல் ஓடத் தொடங்கிய 'ரஜூலா' கப்பல் 1970களின் தொடக்கம் வரை ஆயிரமாயிரம் பேரைக் கொண்டுவந்து சேர்த்தது. வந்தவர்களில் பலருக்கு ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம் வாசம் வேறு. தொடக்கத்தில் வந்தவர்களில் பெண்கள் மிகக் குறைவு. 1920களில்தான் குடும்பமாக வருவது பெருகியது. வந்த பெண்கள் நீரிணையின் மறுகரையில், இன்று செபராங் பிறை எனப்படும் நிலப்பகுதியில், கலிடோனியா, பைராம், பத்து காவான் போன்ற தோட்டங்களுக்குப் போனார்கள். முதலில் கரும்பு, பிறகு ரப்பர். லயத்தில் ஓர் அறை, அடுப்படி, முன்னால் ஒரு திண்ணை. அங்கேதான் பிரசவமும்.

பார்த்தது யார்? ஊரில் அந்தத் தொழில் தெரிந்த ஒருத்தி லயத்தில் இருந்தால் அவள்தான் மருத்துவச்சி. இல்லையென்றால் நாலைந்து பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியம்மா. தாய்வீட்டின் இடத்தை இவர்கள்தாம் நிரப்பினார்கள். எந்தப் பதிவேட்டிலும் இவர்களுடைய பெயர் இல்லை. தோட்டக் கணக்கில் பால்வெட்டும் பெண்ணாகவோ புல்வெட்டும் பெண்ணாகவோதான் இருப்பார்கள். 1920களில் வந்த தொழிலாளர் சட்டங்கள் பேறுகாலச் சம்பளத்தையும் ஆயாக்கொட்டகையையும் கொண்டுவந்தன. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் இருந்தார். வலியில் துடிப்பவளுக்கு அருகில் ஓர் ஆள் வேண்டும் என்று மட்டும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பட்டணத்தின் கதை கொஞ்சம் வேறு. 1910களில் ஜோர்ஜ்டவுன் மெக்காலிஸ்டர் சாலையில் ஏழாம் எட்வர்டு மன்னர் நினைவாக ஒரு பிரசவ மருத்துவமனை எழுந்தது. 1920களில் நீரிணைக் குடியேற்றங்களில் மருத்துவச்சிகளைப் பதிவு செய்து, பயிற்சி கொடுத்து, கண்காணிக்கும் முறையும் வந்துவிட்டது. வெள்ளைக்கார அரசுக்குத் திடீரென்று தாய்மார்கள் மேல் பாசம் பொங்கிவிட்டதா? கைக்குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்துகொண்டிருந்தன, நாளைக்கு வேலைக்கு ஆள் வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. கணக்கு எதுவானாலும் பட்டணத்துப் பெண்களுக்கு நன்மை நடந்தது.

உண்மையான புரட்சி நடந்தது கம்போங்கில்.

மலாய்க் கம்போங்கில் 'பிடான்' என்றால் சாதாரண ஆள் இல்லை. ஊரில் பாதிப்பேரை உலகத்துக்குக் கொண்டுவந்த கை அவளுடையது. கூலி பணமாகவும் வரும், அரிசியாகவும் கோழியாகவும் வரும். ஆனால் தொப்புள்கொடியை அறுக்க அவள் எடுத்தது மூங்கில் சிம்பு. அதன் வழியே சில குழந்தைகளுக்கு இழுப்பு நோய் வந்தது. ஒரு வாரத்துக்குள் கை கால் விறைத்துப் போய்விடும். 1950இல் இந்த நாட்டில் 100,000 பிறப்புக்கு 500க்கும் அதிகமான தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள்.

அரசாங்கம் என்ன செய்திருக்கலாம்? பிடானைப் பிடித்து அபராதம் போட்டிருக்கலாம். பல நாடுகள் அப்படித்தான் செய்தன. இங்கே வேறு வழி எடுத்தார்கள். 1950களின் முற்பகுதியில், யூனிசெப் உதவியோடு, பினாங்குக்கு வடக்கே கெடாவின் ஜித்ராவில் கிராமப்புறச் சுகாதாரப் பயிற்சி நிலையம் தொடங்கியது. அங்கே படித்த இளம்பெண்கள் கம்போங் மருத்துவச்சி கிளினிக்குகளுக்கு அனுப்பப்பட்டார்கள். சுதந்திரத்தை ஒட்டி வகுத்த திட்டப்படி 50,000 பேருக்கு ஒரு பெரிய சுகாதார மையம், அதன் கீழ் 4 துணை மையங்கள், அவற்றின் கீழ் 20 மருத்துவச்சி கிளினிக்குகள். இரண்டாயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி என்று கணக்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். சீருடை போட்ட இருபது வயதுப் பெண், தானே இன்னும் ஒரு பிள்ளை பெறாதவள், அறுபது வயதுப் பிடானிடம் போய், "பாட்டி, நீங்கள் செய்வது தப்பு" என்று சொன்னால் கம்போங் கேட்குமா? கேட்காது! அதனால் அந்தப் பெண்களுக்கு வேறு மாதிரி பழக வேண்டியிருந்தது. பிடானை விரட்டவில்லை, கூட்டாளியாக்கினார்கள். மூங்கில் சிம்புக்குப் பதிலாகக் கொதிக்க வைத்த கத்தரிக்கோல். எந்த வலி சாதாரணம், எந்த வலிக்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்ற பாடம். பிரசவத்தை அரசு மருத்துவச்சி பார்ப்பாள். பிடான் தலைமாட்டில் உட்கார்ந்து தைரியம் சொல்வாள், பிரார்த்தனை செய்வாள், நஞ்சைக் கழுவிக் கொடுப்பாள். அதன் பிறகு 'பந்தாங்' எனப்படும் நாற்பது சொச்சம் நாளும் அவளுடைய ராஜ்யம்தான். உடம்பு பிடித்துவிடுவது, வயிற்றுக்குக் கட்டுப் போடுவது, சூட்டுக்கல் ஒற்றடம் கொடுப்பது எல்லாம் அவள் வேலை.

1966ஆம் ஆண்டின் மருத்துவச்சிகள் சட்டம் 1971இல் நடைமுறைக்கு வந்தபோதும், பள்ளிக்கூடப் பயிற்சி இல்லாத அந்தப் பாட்டிமார்களைத் தனிப் பிரிவில் பதிவு செய்துகொண்டார்கள். மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் சென் போன்றவர்கள் 1970களில் இந்தக் கூட்டுறவை ஆராய்ந்து எழுதினார்கள். தாய் இறப்பு விகிதம் 1990களில் 20 அளவுக்கு இறங்கியிருந்தது. ரத்த வங்கி, சாலை வசதி, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்த பலன் அது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்த குடும்பத்தைப் போக வைத்ததில் பிடானின் வாய்ச்சொல்லுக்கும் பங்கு உண்டு.

இனி, கசப்பான பகுதிக்கு வருவோம். லயத்து மருத்துவச்சியை இப்படி யாராவது தேடிப் போனார்களா?

தோட்டம் தனியார் நிலம். அங்குள்ள சுகாதாரம் நிர்வாகத்தின் பொறுப்பு என்று அரசாங்கம் ஒதுங்கி நின்றது. மருத்துவச்சி கிளினிக் கம்போங்குக்கு வந்தது, தோட்டத்துக்குள் நுழையவில்லை. நிர்வாகமோ டிரெசரோடு திருப்தி அடைந்தது. இது பாதிக் காரணம்தான். மீதியை வெளியில் தேட வேண்டாம். தமிழகத்துக் கிராமத்தில் மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண். நள்ளிரவில் ஓடிப்போய்க் கதவைத் தட்டுவார்கள். காரியம் முடிந்ததும் தீட்டு என்று கொல்லைப்புறமாக அனுப்பிவைப்பார்கள். கடல் தாண்டியதில் சாதிக்கட்டு எவ்வளவோ தளர்ந்தது. பிள்ளைப்பேறு பார்ப்பது கீழான வேலை என்ற நினைப்பு மட்டும் தளரவில்லை. கம்போங்கில் பிடானுக்கு ஊர் மரியாதை இருந்ததால் அரசாங்கம் அவளைக் கண்டுகொண்டது. நம்மவர்களே மதிக்காத ஒருத்தியை அரசாங்கம் எப்படிக் கண்டுபிடிக்கும்?

அதனால் அவள் கற்றுக்கொள்ளவும் இல்லை, கற்றுக்கொடுக்கவும் இல்லை. அவளுடைய மகள் ரப்பர் காட்டுக்குப் போனாள், பேத்தி தொழிற்சாலைக்குப் போனாள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பிறை, பட்டர்வொர்த் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். பத்து காவானில் இன்று தொழிற்பேட்டை. பக்கத்திலேயே 2014இல் திறந்த இரண்டாவது பாலம்.

"அந்தக் காலத்தில் வீட்டிலேயே சுகப்பிரசவம்" என்று பெருமூச்சு விடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் செத்தவர்கள் இன்று வந்து சாட்சி சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரிப் பிரசவம் உயிர்காத்த வரம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு நாற்காலி காலியானது. அம்மாவும் மருத்துவச்சியும் உட்கார்ந்திருந்த நாற்காலி.

அதன் விலையை வெளிநாட்டுக்காரர்கள் அளந்து பார்த்தார்கள். 1980இல் மருத்துவர்கள் சோசா, கென்னல், கிளாஸ் குழுவினர் குவாத்தமாலா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். சில தாய்மார்களுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள். அவள் தாதி இல்லை, உறவும் இல்லை, முன்பின் தெரியாதவள். முதுகைத் தடவிக்கொடுத்தாள், கையைப் பிடித்துக்கொண்டாள், பேசிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்! சிக்கல் இல்லாத பிரசவங்களில், தனியாக இருந்தவர்களுக்குச் சராசரியாக 19 மணி நேரம் பிடித்தது. துணை இருந்தவர்களுக்கு 9 மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே அமெரிக்க மானிடவியலாளர் டானா ரஃபேல், தாய்க்குத் துணை நிற்கும் பெண்ணுக்கு 'டூலா' என்ற கிரேக்கச் சொல்லைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார். 2017இல் 17 நாடுகளில், 15,000க்கும் அதிகமான பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததிலும், இடைவிடாத துணை இருந்தால் அறுவைப் பிரசவம் குறைகிறது என்றே தெரிந்தது. 2018இல் உலகச் சுகாதார நிறுவனம், தாய் விரும்பும் ஒரு துணை பிரசவ அறையில் இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் இதை 2004இலேயே தொடங்கிவிட்டன.

பிரசவத்துக்குப் பிறகு துணை நிற்பதைப் பற்றி உலகத்துக்கே சொல்லிக்கொடுக்கும் ஓர் அமைப்பு பினாங்கிலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1991இல் உருவான தாய்ப்பாலுக்கான உலகக் கூட்டமைப்பின் செயலகம் இங்கேதான். அதை உருவாக்கியவர்களில் முன்னின்றவர் பயனீட்டாளர் இயக்கத்தின் அன்வார் ஃபசால். 1992 முதல் ஆகஸ்ட் முதல் வாரத்தில் உலகெங்கும் கொண்டாடும் தாய்ப்பால் வாரம் அங்கிருந்து புறப்பட்டதுதான். 2013இல் அந்த வாரத்தின் கருப்பொருளே தாய்க்குத் தாய் தரும் துணை. அதன் முறை எளிமையானது. பால் கொடுத்து அனுபவப்பட்ட ஒரு தாய் பயிற்சி பெறுகிறாள். அவளைப் போன்றவர்களுக்கு மூத்த ஒருத்தி வழிகாட்டியாக இருக்கிறாள். "இதற்கு மேல் உன் வேலை இல்லை, டாக்டரிடம் அனுப்பு" என்று எல்லை காட்டுவதும், துணை நிற்பவள் துவண்டுபோனால் அவளுக்குத் துணை நிற்பதும் அந்த மூத்தவளின் வேலை. 

ஜித்ராவில் படித்த பெண் பிடானுக்குச் செய்தது இதைத்தான்.

பினாங்கிலும் செபராங் பிறையிலும் அரசுப் பணியில் முப்பது வருடம் பிரசவம் பார்த்து ஓய்வுபெற்ற தமிழ்த் தாதியர் இருக்கிறார்கள். கோயில் மண்டபங்கள் இருக்கின்றன, மகளிர் பிரிவுகள் இருக்கின்றன. திருவிழா அன்னதானத்துக்கு ஆள் சேர்க்கத் தெரிந்த சமுதாயத்துக்கு, மாதம் ஒரு சனிக்கிழமை இந்தத் தாதியரின் எதிரே பத்துப் பெண்களை உட்கார வைக்க முடியாதா?

இன்றைக்கு அரசாங்கக் கிளினிக்கின் கிராமத் தாதி வீடு தேடி வருகிறார். முதல் பத்து நாளில் பலமுறை வந்து தையலைப் பார்க்கிறார், குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்க்கிறார். அரை மணி நேரத்தில் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். கணவன் வேலைக்குப் போயிருப்பான். அம்மா ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ வேலையில் இருப்பாள். சுக்கு, மிளகு, ஓமம், பெருங்காயம் என்று பிள்ளைப்பேற்றுச் செலவுச் சாமான் மளிகைக் கடையில் கிடைக்கும். எதை எத்தனை நாள், எந்த அளவில் கொடுப்பது, எதை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது என்று கேட்கத்தான் அந்தப் பெண் போனை எடுக்கிறாள். எந்த எண்ணை அழுத்துவது என்று தெரியவில்லை.