பதினான்கு நாடுகளின் மலை

காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையின் மேல் ஏறும் ஒருவர், அங்குள்ள ஊராட்சிகளின் பெயர்களைப் படித்தால் சற்று வியப்படைவார். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு, திண்ணனூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, குண்டனி நாடு, ஆலத்தூர் நாடு, பைல் நாடு, சித்தூர் நாடு, பெரக்கரை நாடு, திருப்புளி நாடு, எடப்புளி நாடு. ஆக, ஒரே மலையில் பதினான்கு நாடுகள்! தமிழ்நாடு என்னும் நாட்டுக்குள், நாமக்கல் மாவட்டத்தின் ஓர் ஒன்றியத்துக்குள், இத்தனை நாடுகள் எப்படி வந்தன?

பரப்பை எண்ணி நகைக்க வேண்டியதில்லை. பசிபிக் பெருங்கடலில் உள்ள நவூரு 21 சதுர கிலோமீட்டர், துவாலு 26 சதுர கிலோமீட்டர். இரண்டிலும் தனித்தனியே ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் பேரோ அதற்கும் குறைவாகவோதான் உள்ளனர், இரண்டும் ஐ.நா. சபையில் இடம் பெற்றவை. கொல்லிமலையிலோ ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் வாழ்கின்றனர். எனவே நாம் கேட்க வேண்டியது அளவைப் பற்றிய கேள்வி அன்று. சிறிய நாடுகள் பல கூடி வாழும்போது, யார் எதை முடிவு செய்வது என்பதே கேள்வி. இதற்குத் தமிழகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ட விடைகள் சில உண்டு. அவை பாட்டிலன்றிக் கல்லிலும் செப்பிலும் எழுதப்பட்டவை.

சோழர் கல்வெட்டுகளில் 'நாடு' என்பது இரு பொருள் தரும் சொல். வேளாண் ஊர்கள் சில சேர்ந்த நிலப்பகுதி ஒன்று. அப்பகுதியின் பொதுக்காரியங்களைப் பேசக் கூடிய அவை மற்றொன்று. நிலமும் அவையும் ஒரே பெயரைத் தாங்கின என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. கூடிப் பேசாத நிலப்பரப்பு நாடு ஆகாது என்று அக்காலத்தவர் கருதினார்களோ என்றுகூடத் தோன்றுகிறது.

எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் நிலவியல் குறித்த ஆய்வு, இந்த நாடுகளை ஊர் ஊராக வரைபடத்தில் குறித்தது. சோழ மண்டலத்தில் மட்டும் ஏறத்தாழ 140 நாடுகள் இருந்தன. அந்த வரைபடம் காட்டிய செய்தி சுவையானது. பல நாடுகள் ஆற்றின் இரு கரைகளிலும் பரவிக் கிடந்தன. ஆறு அவற்றுக்கு எல்லையாக இல்லை. ஒரே நீரை உண்டு பயிர் செய்த ஊர்கள் இயல்பாகச் சேர்ந்த சேர்க்கை அது. பின்னர் முதலாம் இராசராசன் நாடுகளுக்கு மேலாக 'வளநாடு' என்ற பிரிவை ஏற்படுத்தியபோது, ஆறுகளும் வாய்க்கால்களுமே எல்லைகளாயின. அருமொழிதேவ வளநாடு, நித்தவினோத வளநாடு என மன்னனின் விருதுப்பெயர்களே அவற்றின் பெயர்களாயின. சுருங்கச் சொன்னால், நாட்டை நீர் சேர்த்தது. வளநாட்டை நீர் பிரித்தது. முன்னது உழுதவர்கள் அமைத்தது. பின்னது அரண்மனை வகுத்தது.

ஆயினும் அரண்மனையால் நாட்டாரைத் தாண்டிச் செல்ல இயலவில்லை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் கொடையளிக்கப்பட்ட செய்தியைக் கூறும் லெய்டன் பெரிய செப்பேட்டைப் பாருங்கள். அரசாணை அதிகாரிகளோடு நின்றுவிடவில்லை. அது நாட்டாருக்கும், பிரமதேயத்தாருக்கும், ஊராருக்கும், நகரத்தாருக்கும் செல்கிறது. பெண் யானையை நடத்தி எல்லை காட்டும்போது அண்டை ஊர்களின் சார்பாளர்கள் உடனிருக்கின்றனர்; ஆவணத்தில் கையெழுத்தும் இடுகின்றனர். பேரரசன் கொடுத்த கொடையும் உள்ளூரார் நடந்து காட்டிய பின்னரே நிலத்தில் நிலைபெற்றது.

இனி நாடுகளின் கூட்டமைப்புக்கு வருவோம். பதினோராம் நூற்றாண்டு முதல் 'சித்திரமேழிப் பெரியநாட்டார்' என்ற பெயர் கல்வெட்டுகளில் தென்படுகிறது. மேழி என்பது கலப்பை. அதுவே அவர்களின் சின்னம். நிலமகளின் மக்கள் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட இவர்கள், எழுபத்தொன்பது நாட்டார் என்றும் தம்மைக் குறித்தனர். அரசர்களைப் போலவே தமக்கும் மெய்க்கீர்த்தி வைத்துக்கொண்டனர். ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுவினரோடு கூடி, சரக்குகளின் மீது மகமை விதித்துக் கோயில்களுக்கு அளித்தனர். பிரான்மலைக் கல்வெட்டு இதற்குச் சான்று. இதில் சேர்ந்ததால் எந்த நாடும் தன் பெயரை இழக்கவில்லை. ஒரு நாட்டால் தனித்துச் செய்ய முடியாததற்கே பெரியநாடு கூடியது.

சோழருக்குப் பின்னும் இவ்வழக்கம் அற்றுவிடவில்லை. விசயநகர ஆட்சியில் வரிச்சுமை தாங்காமல், 1429இல் வலங்கையாரும் இடங்கையாரும் வேற்றுமை மறந்து கூடி, இன்ன வரியைத் தருவோம், இன்னதைத் தரமாட்டோம் என்று முடிவு செய்ததைக் கொறுக்கை, ஆடுதுறைக் கல்வெட்டுகள் கூறுகின்றன.

இவற்றைப் பொற்காலச் சித்திரமாக்கிவிடலாகாது. நாட்டவையில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் நிலமுடைய வேளாளர்கள். நிலமற்ற உழவருக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. நாடு மக்களுடையது என்று சொல்லும்போது எந்த மக்கள் என்று கேட்பது நம் கடமை.

சிறிய நாடுகளின் கூட்டமைப்பு எப்போது முறியும் என்பதற்குக் கரீபியன் தீவுகள் அண்மைக்காலச் சான்று. 1958இல் பத்துப் பகுதிகளைச் சேர்த்து அமைத்த மேற்கிந்தியக் கூட்டாட்சி, 1961இல் ஜமைக்கா மக்கள் வாக்களித்து விலகியதும் 1962இல் கலைந்தது. ஒரே ஆட்சியாக இணைய மறுத்த அதே தீவுகள், 1973இல் சாகுவாரமாஸ் உடன்படிக்கையால் கரீபியச் சமூகமாகக் கூடின. அந்த அமைப்பு அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. அதன் உச்ச அவையில் பெரியது சிறியது என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு நாட்டின் தலைவரும் அமர்கிறார். தலைமைப் பொறுப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுழல்கிறது. நம் பெரியநாட்டாருக்கு இது புதிராகத் தோன்றியிராது.

இந்த வெளிச்சத்தில் கொல்லிமலைக்குத் திரும்புவோம். அங்குப் பெரும்பான்மையினரான மலையாளிப் பழங்குடியினர், காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பியர் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் குடியேறிய கதையைத் தம் தோற்றமாகச் சொல்வர். ஊருக்கு ஊர்க்கவுண்டர், ஊர்கள் பல சேர்ந்த நாட்டுக்கு ஒரு தலைவர் என்பது அவர்களின் மரபு. ஊரில் தீராத வழக்கு நாட்டுக்குச் செல்லும். சமவெளியில் வழக்கொழிந்த 'நாடு' மலையில் உயிரோடிருந்தது.

இன்று அந்தப் பெயர் ஊராட்சிகளுக்கு வாய்த்திருக்கிறது. அதிகாரம் வாய்த்ததா? 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊராட்சித் தலைவர்களே ஒன்றியக் குழுவில் உறுப்பினராக அமர்ந்தனர். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒன்றியக் குழுவுக்கெனத் தனி வார்டுகளும் தனி உறுப்பினர்களும் வந்தனர். நாடுகளின் கூட்டமாக இருந்திருக்கக்கூடியது வார்டுகளின் கூட்டமாயிற்று. பழங்குடிக் கிராம சபைகளுக்குச் சிறப்பு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கே உரியது; தமிழகத்தில் அத்தகைய பகுதி ஒன்றும் அறிவிக்கப்படவில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மட்டுமே கிராம சபைக்குக் காட்டின் மீது ஒரு குரலைத் தந்தது. தேர்தலும் தவறாமல் வந்ததில்லை. 2016இல் முடிந்த பதவிக்காலத்துக்குப் பின் 2019 டிசம்பரில்தான் வாக்களிப்பு நடந்தது. 2025 ஜனவரியில் அப்பதவிக்காலமும் முடிய, பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது.

அவை கூடாத நிலப்பரப்புக்கு 'நாடு' என்ற பெயர் பொருந்துமா என்று ஒரு சோழர்காலத்து நாட்டார் எழுந்து கேட்டால் நாம் என்ன சொல்வோம்? எடப்புளி நாடு என்னும் பெயர்ப்பலகை நமக்கு ஒரு பழஞ்சொல்லை நினைவூட்டுகிறது. அச்சொல்லின் பாதிப் பொருள் நிலம். மறுபாதி, அந்நிலத்தைப் பற்றிப் பேச ஊரார் கூடும் அவை. முதற்பாதி மலையில் பத்திரமாக இருக்கிறது. மறுபாதியை மீட்டால்தான் அந்தப் பெயர் முழுமை பெறும்.