ஊரறிய ஊசி போட்டுக்கொண்ட ஃப்ளோரா அம்மையார்

2021இல் நம் சமுதாயக் கூடத்தில் தடுப்பூசி முகாம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நாற்காலி போட்டாயிற்று, நர்ஸ் வந்தாயிற்று, டோக்கனும் கொடுத்தாயிற்று. முதல் ஆளாகப் போய் உட்காரத்தான் யாரும் இல்லை. "நீங்க போங்க சார்", "இல்லை, நீங்க முதல்ல" என்று ஒருவருக்கொருவர் ரொம்பவும் மரியாதை காட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் பி பிளாக் பாட்டி ஒருவர் எழுந்து போய்க் கையை நீட்டினார். அதற்குப் பிறகு வரிசை தானாக நகர்ந்தது.

இந்தக் காலாண்டுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பவரும் அப்படிக் கை நீட்டியவர்தான். பம்பாயில் பிறந்த யூதப் பெண்மணி, ஃப்ளோரா சாசூன்.

சாசூன் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மும்பையில் மீன் ஏலம் போகும் சாசூன் டாக், கோட்டைப் பகுதியில் இருக்கும் டேவிட் சாசூன் நூலகம், புனேயில் சாசூன் மருத்துவமனை எல்லாம் அந்தக் குடும்பத்தின் பெயரால் வந்தவை. பாக்தாத்திலிருந்து தப்பி வந்து பம்பாயில் கடை விரித்தவர் டேவிட் சாசூன். பருத்தி, துணி, அபினி என்று வியாபாரம் சீனா வரை பரவியது. அபினியைச் சொல்லாமல் அந்தக் கட்டடங்களை மட்டும் சொல்வது நியாயமாகாது. ஃப்ளோரா பொறுப்பில் இருந்த ஆண்டுகளிலும் அந்த வியாபாரம் நடந்தது.

ஃப்ளோரா பிறந்தது 1859. வீட்டில் ஃபர்ஹா என்று பெயர். அரபியில் மகிழ்ச்சி என்று பொருள். டேவிட் சாசூனின் கொள்ளுப்பேத்தி இவர். 1876இல் மணந்ததோ டேவிட்டின் மகன் சாலமனை. அதாவது தன் அம்மா வழித் தாத்தாவுக்குத் தம்பி முறையானவரை! நம் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து முறை பார்த்தால் தலை சுற்றிவிடும். பெரிய வியாபாரக் குடும்பங்களில் சொத்து வெளியே போகாமல் இருக்க இப்படி நடப்பது உண்டு. நமக்கும் அது புதிதல்ல.

ஹீப்ரு, அரமேயம், அரபி, ஹிந்துஸ்தானி, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று பல மொழிகள் தெரிந்தவர். வேத நூல்களை ஆண்களுக்கு மட்டும் கற்பித்த காலத்தில், அவற்றை வரிக்கு வரி அறிந்திருந்தார். மூன்று குழந்தைகள். 1894இல் சாலமன் இறந்தபோது ஃப்ளோராவுக்கு வயது முப்பத்தைந்து. துக்கம் காத்து உள்ளறையில் இருந்துவிடுவார் என்று உறவினர்கள் நினைத்திருக்கக்கூடும். அவரோ பம்பாய் அலுவலகத்தின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். பெரிய வணிக நிறுவனம் ஒன்றை ஒரு பெண் நடத்துவது அன்று எந்த நாட்டிலும் அபூர்வம்.

இரண்டு ஆண்டுகள்தான் கடந்தன. 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் தலைகாட்டியது. எட்டு லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த நகரம். சில மாதங்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஊரை விட்டே ஓடிவிட்டார்கள். அரசு வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டது, நோயாளிகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனது, சாமான்களைக் கொளுத்தியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்ப முடியாது என்று வதந்தி. அந்த அக்டோபரில் மில் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியையே தாக்கினார்கள். 2020இல் நம்மை வீட்டுக்குள் வைக்க அரசு கையில் எடுத்ததே தொற்றுநோய்ச் சட்டம், அது இந்தப் பிளேக்குக்காக 1897இல் அவசரமாகப் போட்ட சட்டம்தான்.

அப்போது பம்பாயில் இருந்தவர் வால்டெமர் ஹாஃப்கின். ஒடெசாவில் பிறந்த யூத விஞ்ஞானி. காலரா தடுப்பூசியோடு 1893இல் இந்தியா வந்தவர். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கிடைத்த சின்ன இடத்தில் பிளேக் தடுப்பூசியைத் தயாரித்து, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தனக்கே போட்டுப் பார்த்துக்கொண்டார். மருந்து தயார். ஜனங்கள்தான் தயாராக இல்லை. அரசாங்கத்து ஆள் எதை நீட்டினாலும் சந்தேகம்; மதம் கெட்டுவிடும் என்ற பயம் வேறு.

ஹாஃப்கினுக்குத் துணை நின்ற பம்பாய்ப் பிரமுகர்களில் ஆகா கானும் உண்டு, ஃப்ளோராவும் உண்டு. பணம் கொடுப்பது அந்தக் குடும்பத்துக்குப் பழக்கமான காரியம். மாமனார் காலத்திலிருந்தே நடப்பது. ஃப்ளோரா தன் கையைக் கொடுத்தார். எல்லோரும் அறிய ஊசி போட்டுக்கொண்டு, தயங்கிய இந்துக்களிடமும் முஸ்லிம்களிடமும் எடுத்துச் சொன்னார். இது சின்ன விஷயமல்ல என்று நினைக்கிறேன். யூத ஆசாரத்தில் இம்மியும் வழுவாத பெண்மணி அவர். பயணம் போனால்கூட, கூட்டு வழிபாட்டுக்குத் தேவையான பத்து ஆண்களையும், முறைப்படி இறைச்சி அறுப்பவரையும் உடன் அழைத்துப் போவாராம். அப்படிப்பட்டவர் போட்டுக்கொண்ட ஊசியால் மதம் கெடும் என்று யார் சொல்ல முடியும்? சர்க்கார் டாக்டர் நூறு முறை சொன்னாலும் எடுபடாத பேச்சு அது.

1901இல் நிறுவனம் லிமிடெட் கம்பெனியாக மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தில் ஃப்ளோராவுக்கு இருந்த இடம் போயிற்று. கணக்கு வழக்கில் குறை சொல்ல முடியாதவரைக் காகிதத்தால் நகர்த்துவது பழைய வித்தைதான். அதே ஆண்டு குழந்தைகளோடு லண்டன் போய்ச் சேர்ந்தார். உடல்நலம் குன்றிய மகள் மோசெலுக்கு வைத்தியம் பார்க்க வேண்டிய கவலையும் கூடவே இருந்தது.

வியாபாரம் கைவிட்டுப் போனதும் வீடு பெரிதாயிற்று. லண்டன் வீட்டுக் கதவு அறிஞர்களுக்கும், உதவி கேட்டு வருபவர்களுக்கும் திறந்தே இருந்தது. ரபிகளோடு கடிதத்தில் வேத விளக்கம் பேசினார். 1924இல் லண்டன் யூதக் கல்லூரியின் ஆண்டு விழாவில் உரையாற்ற அழைத்தார்கள். அதுவரை ஒரு பெண்ணுக்குக் கிடைக்காத அழைப்பு. 1930இல், எழுபது வயது கடந்தபின், ராஷி என்ற பழைய பிரெஞ்சு உரையாசிரியரைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

படிப்புப் பைத்தியம் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டது. மூத்த மகள் ரேச்சல் கல்கத்தாவின் எஸ்ரா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு அங்கே சமூகப் பணியில் இறங்கினார். மகன் டேவிட்டுக்கு வியாபாரத்தில் மனம் ஓடவில்லை. ஊர் ஊராகப் போய் ஹீப்ரு, சமாரியக் கையெழுத்துப் பிரதிகளைத் தேடிச் சேர்த்தார், ஆயிரத்துக்கும் மேல். அவற்றுக்கு 1932இல் இரண்டு தொகுதிகளாகப் பட்டியல் வெளியிட்டபோது அம்மா உயிரோடு இருந்தார். ஃப்ளோரா காலமானது 1936இல்.

அந்தப் பட்டியலுக்கு மகன் வைத்த பெயர் 'ஓஹெல் தாவீத்', தாவீதின் கூடாரம். புனேயில் கொள்ளுத்தாத்தா கட்டிய ஜெப ஆலயத்துக்கும் அதே பெயர். புனேக்குப் போனால் ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள், தெரியாது என்பார். 'லால் தேவல்' என்று கேளுங்கள். செங்கல் நிறத்துக் கோபுரத்தின் முன்னால் இறக்கிவிடுவார்.