துப்பாக்கிக்குப் பூட்டு: சாவி யாரிடம்?

1889-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பெல்ஜிய நாட்டுத் தலைநகரான பிரசெல்சில் ஒரு மாநாடு கூடிற்று. அடிமை வாணிபத்தை ஒழிப்பது நோக்கம் என்றனர். நல்ல நோக்கந்தான், எவர் மறுப்பர்? மாதக் கணக்கில் பேசினர். 1890 ஜூலை 2-ஆம் நாள் 17 அரசுகள் கையெழுத்திட்டன. ஆங்கில நாடு, பிரெஞ்சு நாடு, ஜெர்மனி, ரஷ்யா, அமெரிக்கா எனப் பட்டியல் நீண்டது. ஆப்பிரிக்காவைப் பற்றிய மாநாட்டில் ஆப்பிரிக்காவின் பெயரால் அமர்ந்தவை இரண்டே. ஒன்று, அதே ஆண்டில் ஆங்கிலேயரின் 'பாதுகாப்பு'க்குள் போய்விட்ட சான்சிபார். மற்றொன்று காங்கோ சுதந்திர நாடு. சுதந்திரம் பெயரில் இருந்தது, நாடு பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் தனிச் சொத்தாக இருந்தது!

அந்த உடன்படிக்கையில் துப்பாக்கி பற்றிய பகுதி ஒன்று உண்டு. பல நாட்டு அரசுகள் ஒன்றுகூடித் துப்பாக்கி வாணிபத்துக்குப் பூட்டுப் போட முனைந்த முதற் பெரும் முயற்சி அது. வடக்கே 20-ஆம் பாகையிலிருந்து தெற்கே 22-ஆம் பாகை வரை, ஆப்பிரிக்காவின் பெரும் பகுதியில், புதுவகைத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்து விற்கக்கூடாது என்று விதித்தனர். குழலுக்குள் புரி வெட்டியது, பின்புறமாகத் தோட்டா இடுவது ஆகியவை விலக்கப்பட்ட வகை. முன்புறமாக மருந்து கெட்டித்துச் சிக்கிமுக்கிக் கல்லால் சுடும் பழைய துப்பாக்கி மட்டும் அரசுக் கிடங்கின் வழியாக, அரசு இசைந்தால், ஆப்பிரிக்கனுக்குக் கிடைக்கும். அரசுப் படைகளுக்கு இந்த விலக்கு இல்லை. தன் அரசிடமிருந்து சீட்டுப் பெற்றுவரும் வெள்ளைப் பயணிக்கும் இல்லை.

அடிமை பிடிப்போர் துப்பாக்கியைக் கொண்டே ஊர்களைச் சூறையாடினர் என்பது மெய். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கி எந்த மரத்தில் காய்த்தது? பர்மிங்காம் பட்டறைகளும் பெல்ஜிய நாட்டு லியேழ் நகரத்துப் பட்டறைகளும் ஆப்பிரிக்கச் சந்தைக்கென்றே மலிவுத் துப்பாக்கிகளை அடித்துக் குவித்தன. ஐரோப்பியப் படைகள் புதிய துப்பாக்கிக்கு மாறிய ஒவ்வொரு முறையும் கழித்துக் கட்டிய பழையவை கப்பல் ஏறின. விற்ற கையே பின்னர்ப் பூட்டையும் எடுத்துக்கொண்டு வந்தது.

பூட்டின் பயன் என்ன ஆயிற்று? 1898 செப்டம்பர் 2-ஆம் நாள், சூடானில் ஓம்துர்மான் களத்தில், இயந்திரத் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் ஒருபுறம். ஈட்டியும் பழைய துப்பாக்கியும் பெரும்பாலாக மறுபுறம். ஒரே காலைப்பொழுதில் சூடானியர் 10,000 பேருக்குக் குறையாமல் மாண்டனர். ஆங்கில-எகிப்தியப் படையில் இறந்தோர் 50 பேருக்கும் குறைவு. மேற்கு ஆப்பிரிக்காவிலோ, பிரெஞ்சுப் படையை ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்ற சமோரி தூரே, ஆங்கிலேயரின் பிரீடவுன் துறைமுகத்து வணிகரிடம் நல்ல துப்பாக்கி வாங்கி வந்தார். அவ்வழி அடைபட்டபோது தம் நாட்டுக் கொல்லர்களைக் கொண்டே பிரெஞ்சுத் துப்பாக்கியைப் பார்த்து வடிக்கச் செய்தார். 1898-இல் பிடிபட்டு, காபோனுக்கு நாடு கடத்தப்பட்டு, 1900-இல் அங்கேயே மறைந்தார்.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதன்று. 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த படைக்கலச் சட்டம், இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கேட்டது; ஐரோப்பியனுக்கு விலக்கு அளித்தது. ஒரே பள்ளியில் பயின்றவர்கள் எழுதிய இரு பாடங்கள்!

முதல் உலகப் போர் முடிந்ததும் 1919-இல் செயின்ட் ஜெர்மைனில் மீண்டும் ஓர் உடன்படிக்கை. அமெரிக்கா ஏற்கவில்லை, அமெரிக்கா ஏற்காதபோது தாங்கள் மட்டும் ஏன் சந்தையை இழப்பது என்று மற்றவர்கள் பின்வாங்கினர். 1925 ஜூன் 17-ஆம் நாள் ஜெனீவாவில் இன்னொன்று. அது நடைமுறைக்கே வரவில்லை. அதே நாளில் அதே ஊரில் கையெழுத்தான நச்சுப்புகைத் தடை மட்டும் 1928-இல் உயிர் பெற்றது. நச்சுப்புகை அன்றாடச் சரக்கன்று, துப்பாக்கியோ அன்றாடச் சரக்கு. வேறு விளக்கம் வேண்டுமோ?

இனி, சமோரி போரிட்ட அதே மண்ணுக்கு நூறாண்டு கழித்துத் திரும்புவோம்.

மாலி நாட்டின் வடபகுதியில் 1990-இல் துவாரெக் மக்களின் கிளர்ச்சி வெடித்தது. 1992-இல் உடன்பாடு ஏற்பட்டும் அமைதி நொண்டிற்று. ஏனெனில் துப்பாக்கி ஊரெங்கும் கிடந்தது. குடியரசுத் தலைவர் அல்பா உமர் கொனாரே 1993-இல் ஐக்கிய நாடுகள் மன்றத்தை அணுகி, துப்பாக்கிகளைத் திரட்ட வழி சொல்லுங்கள் என்று கேட்டார். துப்பாக்கி கொடுங்கள் என்று கேட்கும் அரசுகளையே கண்டு பழகிய மன்றம் அது! 1996 மார்ச் 27-ஆம் நாள் டிம்புக்டு நகரில், கிளர்ச்சிக்காரர் ஒப்படைத்த சுமார் 3,000 துப்பாக்கிகளை அடுக்கித் தீ மூட்டினர். 'அமைதிச் சுடர்' என்று அதற்குப் பெயர்.

கொனாரே அத்துடன் நிற்கவில்லை. ஒரு நாடு தன் வீட்டுக் கதவை மட்டும் சாத்தினால் பயன் என்ன? பாலைவனத்துக்கு வேலி ஏது? அண்டை நாடுகளையும் அழைத்தார். 1998 அக்டோபர் 31-ஆம் நாள் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில், மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பின் நாடுகள் கூடி, சிறு படைக்கலங்களை இறக்குமதி செய்வதையும் ஏற்றுமதி செய்வதையும் உற்பத்தி செய்வதையும் மூன்றாண்டுகளுக்கு நிறுத்தி வைப்பதாக அறிவித்தன. 1890-இல் பூட்டியவர்கள் விற்றவர்கள். 1998-இல் பூட்டியவர்கள் செத்தவர்கள். இந்த வேறுபாட்டை நாம் பெரிதாக மதிக்கிறோம்.

மதிக்கிறோம் என்பதற்காக, அடுத்து நடந்ததை மறைத்துவிட மாட்டோம்.

நான்கு மாதம் கழியவில்லை. 1999 பிப்ரவரியில் புர்க்கினா பாசோ நாட்டின் பாதுகாப்புத் துறையிலிருந்து ஒரு சீட்டு எழுதப்பட்டது. 'இறுதிப் பயனர் சான்றிதழ்' என்பது அதன் முறையான பெயர். ஒரு நாட்டு அரசு, "இச்சரக்கு எமக்கே, எம் இசைவின்றி வேறு எவருக்கும் போகாது" என்று கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழி அது. விற்கும் நாடு அதைப் பார்த்தே ஏற்றுமதிக்கு இசைவு தரும். சீட்டைப் பார்த்த உக்ரைன் இசைந்தது. மார்ச் 13-ஆம் நாள் 68 டன் படைக்கலங்கள் பெருவிமானத்தில் வாகடூகு நகரில் இறங்கின. சில நாட்களில் அவை சிறு விமானத்துக்கு மாற்றப்பட்டு லைபீரியாவுக்குப் பறந்தன. லைபீரியாவுக்குப் படைக்கலம் தரலாகாது என்று ஐக்கிய நாடுகள் மன்றம் 1992-இலேயே தடை விதித்திருந்தது. அங்கு ஆண்டவர் சார்லஸ் டெய்லர். அவருடைய துணையால் வாழ்ந்தவர்கள் அண்டை நாடான சியெரா லியோனின் கிளர்ச்சிப் படையினர். குழந்தையென்றும் முதியோரென்றும் பாராமல் மக்களின் கைகளை வெட்டியவர்கள். லியோபோல்டின் காங்கோவில் ரப்பருக்காக வெட்டப்பட்ட கைகள், இங்கே வைரத்துக்காக வெட்டப்பட்டன.

சீட்டெழுதிய புர்க்கினா பாசோ, அபுஜாவில் கையெழுத்திட்ட நாடுகளுள் ஒன்று. அந்த ஆண்டு ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் தலைமைப் பீடத்தில் வீற்றிருந்தவரும் அந்நாட்டு அதிபரேதாம்! வெள்ளையன் செய்தால் கொடுமை, நம்மைப் போன்றவன் செய்தால் ராஜதந்திரம் என்று கணக்கெழுதும் பழக்கம் நமக்கு இல்லை. ஆகவே சொல்கிறோம்: பூட்டைச் செய்தவர்களுள் ஒருவரே கள்ளச் சாவியையும் செய்தார்.

இவையெல்லாம் வெளிவந்தது எப்படி? பாதுகாப்பு மன்றம் அமர்த்திய வல்லுநர் குழு ஒன்று 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் அறிக்கை தந்தது. விமானங்களின் பதிவு எண், பறந்த நாள், கைமாறிய பணம், சான்றிதழின் படி எனத் துருவித் துருவிப் பார்த்தார்கள். லைபீரியாவுக்குச் சரக்கை ஏற்றிச் சென்ற விமானம் லியோனிட் மினின் என்பவருடையது என்று குழு கண்டது. அவ்விமானம் முன்பு அமெரிக்கக் கூடைப்பந்து அணி ஒன்றின் வாகனம். அணியின் சின்னம்கூட அதன் உடலில் அழியாமல் இருந்தது. சின்னத்தை அழிக்கவும் தேவையின்றித் தொழில் நடந்திருக்கிறது!

அதே 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மினின் இத்தாலியில், மிலான் நகருக்கு அருகே ஒரு விடுதியில் சிக்கினார். போதைப் பொருளும் வைரமும் கட்டுக்கட்டாய்க் காகிதங்களும் அறையில் இருந்தன. போதைப் பொருளுக்குத் தண்டனை கிடைத்தது. துப்பாக்கி வழக்கோ? படைக்கலங்கள் இத்தாலிய மண்ணைத் தொடவில்லை. ஆகவே இத்தாலிய நீதிமன்றத்துக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்று 2002-இல் முடிவாயிற்று. ஆள் ஒரு நாடு, சரக்கு ஒரு நாடு, பணம் வேறொரு நாடு, பிணம் இன்னொரு நாடு. சட்டம் மட்டும் எல்லைக்கல் அருகே வந்ததும் நின்றுவிடுகிறது. சட்டம் எப்போதும் அப்படி நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சார்லஸ் டெய்லருக்குச் சியெரா லியோனுக்கான தனி நீதிமன்றம் 2012-இல் 50 ஆண்டுச் சிறை விதித்தது. லைபீரியாவில் மரவாணிபம் செய்து டெய்லருக்குப் படைக்கலம் சேர்த்துத் தந்த டச்சுக்காரர் கவுவென்ஹோவனுக்கு, 2017-இல் டச்சு மேல்முறையீட்டு மன்றம் 19 ஆண்டு விதித்தது. எங்கே செய்தாலும் தன் குடிமகனைத் தானே விசாரிப்பேன் என்று ஒரு நாடு துணிந்தால் போதும், எல்லைக்கல் தடையாவதில்லை.

தொலைதூரத்துக் கதை என்று எண்ணுவோருக்கு 1995 டிசம்பர் 17-ஆம் நாள் இரவை நினைவூட்டுவோம். மேற்கு வங்கத்துப் புருலியா மாவட்டத்து வயல்களில் வானத்திலிருந்து துப்பாக்கிப் பெட்டிகள் விழுந்தன. பல்கேரியாவில் ஏற்றப்பட்ட சரக்கு அது. அங்கும் ஒரு சான்றிதழ் இருந்தது. அதில் எழுதியிருந்த பெயர் வங்காள தேசம்.

கள்ளத் துப்பாக்கி கள்ளப் பட்டறையில் பிறக்கிறது என்று பலர் நினைக்கின்றனர். சில அப்படியும் பிறக்கலாம். பெரும்பாலும் அது முறையான தொழிற்சாலையில், முறையான உரிமத்தோடு, எண் பொறித்துப் பிறக்கிறது. வழியில் ஏதோ ஓரிடத்தில், ஏதோ ஓர் அதிகாரியின் மேசைமேல், ஒரு பொய்க் கையெழுத்தில் அது கள்ளச் சரக்காகிறது. எனவே எல்லைக் காவலனுக்கு ஆற்றும் அறிவுரையை அந்த மேசைக்கு ஆற்றுவதே பொருந்தும்.

ஐக்கிய நாடுகள் மன்றம் 2001 ஜூலையில் சிறு படைக்கலங்களின் கள்ள வாணிபத்துக்கு எதிராகச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. அது எவரையும் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் 2013 ஏப்ரல் 2-ஆம் நாள்தான் வந்தது: படைக்கல வாணிப ஒப்பந்தம். ஆதரவு 154, எதிர்ப்பு 3, நடுநிலை 23. அமெரிக்கா கையெழுத்திட்டது, ஏற்புறுதி செய்யவில்லை, 2019-இல் செய்யப்போவதுமில்லை என்று அறிவித்தது. ரஷ்யாவும் இந்தியாவும் வாக்கெடுப்பில் நடுநிலை வகித்தன. விற்கும் நாட்டுக்கும் வாங்கும் நாட்டுக்கும் இடையே தராசு சமமாக இல்லை என்பது இந்தியாவின் வாதம். 1890-ஐ அறிந்தவர்கள் இந்த வாதத்தை எள்ளி நகையாட முடியாது. ஆனால் தராசு சாய்ந்திருக்கிறது என்று கூறி வெளியே நிற்பவனுக்குத் தராசைத் தொடும் உரிமை எப்படிக் கிடைக்கும் என்றும் நாம் கேட்கிறோம்.

மேற்கு ஆப்பிரிக்கர் தங்கள் தற்காலிகத் தடையை 2006-இல் நிலையான உடன்படிக்கையாக்கினர். 2009-இல் அது நடைமுறைக்கு வந்தது. எந்த உறுப்பு நாடும் சிறு படைக்கலம் வாங்க வேண்டுமானால் கூட்டமைப்பிடம் விலக்குக் கேட்டுப் பெறவேண்டும். தங்களுள் ஒருவர் கள்ளச் சாவி செய்ததைக் கண்டபின் இறுக்கிய முடிச்சு அது. ஆனால் 2011-இல் லிபியாவில் கடாபியின் ஆட்சி சரிந்தபோது கிடங்குகள் திறந்து கிடந்தன. பாலைவனம் வழியே துப்பாக்கிகள் தெற்கே நடந்தன. 2012 ஏப்ரலில் டிம்புக்டு கிளர்ச்சிக்காரர் வசமாயிற்று. 2025 ஜனவரியில் மாலியும் புர்க்கினா பாசோவும் நைஜரும் அந்தக் கூட்டமைப்பைவிட்டே வெளியேறின.

இதற்கிடையே ஐரோப்பாவில் ஓசையின்றி ஒரு மாற்றம் தொடங்கியிருக்கிறது. சுவிட்சர்லாந்து 2012-இலும் ஜெர்மனி 2015-இலும் ஒரு புதிய நிபந்தனையைக் கொண்டுவந்தன. படைக்கலம் வாங்கும் நாடு சான்றிதழ் தந்தால் மட்டும் போதாது; விற்ற நாட்டின் அலுவலர் பின்னர் நேரில் வந்து, கிடங்கைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு துப்பாக்கியிலும் பொறித்துள்ள எண்ணைத் தம் பட்டியலோடு ஒத்துப்பார்க்கவும் இடம் தரவேண்டும். 1999-இல் வாகடூகு கிடங்கை அப்படித் திறந்து பார்த்திருந்தால், அங்கே இருந்திருக்கவேண்டிய 68 டன்னும் இருந்திராது.