சூரிய உச்சியைத் தேடிய வகுப்பறைகள்

புவியியல் பாடத்துக்குள் இணையம் நுழைந்த கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 2005ஆம் ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம் கூகுள் எர்த் வெளிவந்தது. சுட்டியை உருட்டினால் உலகம் சுழன்றது, இன்னும் உருட்டினால் சொந்தத் தெருவின் கூரைகள் தெரிந்தன. ஆனால் இந்தக் கதை முதலில் பெரிய அளவில் நடந்த அமெரிக்காவின் பள்ளிகளைப் பார்த்தால், அதற்கு முந்தைய பதினைந்து இருபது ஆண்டுகளே செறிவானவை என்று தோன்றுகிறது. வகுப்பறைக்குள் அப்போது கம்பி வழியே வந்து சேர்ந்தது கொஞ்சம்தான். வகுப்பறையிலிருந்து வெளியே போனதில்தான் புவியியல் இருந்தது.

1980களின் பிற்பகுதியில் நேஷனல் ஜியோகிராபிக் சங்கமும் மாசசூசெட்சில் உள்ள டெர்க் என்ற கல்வி ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ‘கிட்ஸ் நெட்வொர்க்’ திட்டத்தை உருவாக்கின. இன்று நாம் இணையம் என்று சொல்வது அல்ல அது. தொலைபேசிக் கம்பியில் மோடத்தை மாட்டி மையக் கணினிக்குத் தகவல் அனுப்பும் ஏற்பாடு. நான்காம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் தங்கள் ஊரின் அட்சக்கோடு, தீர்க்கக்கோடுகளைத் தாங்களே கண்டுபிடித்து அதையே முகவரியாகக் கொண்டார்கள். அமில மழை பற்றிய பாடத்தில் மழைநீரைப் பிடித்து, அதன் அமிலத்தன்மையை அளந்து, எண்ணை மட்டும் அனுப்பினார்கள். மற்றப் பள்ளிகளின் எண்களோடு சேர்ந்து அது வரைபடமாகத் திரும்பி வந்தது. அந்த வரைபடத்தில் ஒரு புள்ளி அவர்கள் கையால் அளந்தது. ‘நம் ஊர் மழை ஏன் அந்த ஊர் மழையைப் போல இல்லை’ என்ற கேள்வியை ஆசிரியர் எழுப்ப வேண்டிய தேவையே இல்லை; அந்தப் புள்ளியே எழுப்பிவிடும்.

இந்த முறையை உலகளவுக்கு எடுத்துச் சென்றது ‘குளோப்’ திட்டம். அன்றைய துணை அதிபர் அல் கோர் 1994 ஏப்ரல் 22 அன்று இதை அறிவித்தார். அடுத்த ஆண்டு புவி நாளில் நடைமுறைக்கு வந்தது. வெப்பநிலை, மழை, மேகம் ஆகியவற்றை மாணவர்கள் அளந்து இணையம் வழியே அனுப்ப வேண்டும். இதன் நெறிமுறையில் உள்ள ஒரு சின்ன விதி தனியே கவனிக்கத் தக்கது. வானிலை அளவுகளைக் கடிகாரத்தின் 12 மணியை ஒட்டி அல்ல, அந்த இடத்தில் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை ஒட்டி எடுக்க வேண்டும். பாஸ்டன், டெட்ராய்ட் இரண்டு நகரங்களின் கடிகாரமும் ஒரே மணியைத்தான் காட்டும். ஆனால் டெட்ராய்ட் ஏறத்தாழ 12 டிகிரி மேற்கே இருப்பதால், டிகிரிக்கு 4 நிமிடம் வீதம், அங்கே சூரியன் உச்சிக்கு வர 48 நிமிடம் தாமதமாகும். உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் நடுநேரத்தைக் கணக்கிட்ட பிள்ளைக்குத் தீர்க்கக்கோடு என்பது வெறும் கோடாக இருக்க முடியாது. 1994இல் தொடங்கிய ‘ஜர்னி நார்த்’ என்ற திட்டம் இதே அறிவை விளையாட்டாக்கியது. உலகில் பத்து மறைவிடங்கள். அவற்றைக் கண்டுபிடிக்கத் துப்பாக ஒவ்வொன்றின் பகல் நீளம் மட்டும் வாரந்தோறும் தெரியவரும். ஆண்டின் முதல் பாதியில் வாரங்கள் செல்லச் செல்லப் பகல் நீண்டால் வடகோளம், குறைந்தால் தென்கோளம். மார்ச் 20ஐ ஒட்டி எல்லா இடங்களின் பகலும் 12 மணி நேரத்தை நெருங்க, மாணவர்கள் வரைந்த கோடுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து கூடும். பூமியின் சாய்வைக் காட்ட இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை. அதைப் பிள்ளைகளே வரைந்தார்கள்.

குழந்தைகள் எடுக்கும் அளவை எப்படி நம்புவது என்ற கேள்வி நியாயமானது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, கருவிகளுக்குத் தரம், ஒவ்வோர் அளவுக்கும் எழுதிவைத்த நெறிமுறை என்று குளோப் இதற்கு விடை தேடியது. இதைவிடக் கனமான மறுப்பு, இவையெல்லாம் எத்தனை பேருக்குக் கிடைத்தன என்பது. 1994இல் அமெரிக்க அரசுப் பள்ளிகளில் 35 சதவீதத்துக்கு மட்டுமே இணைய இணைப்பு இருந்தது. வகுப்பறைகளைக் கணக்கிட்டால் 3 சதவீதம். 2005இல் அது 94 சதவீதமானது. ஆக, செறிவான காலம் என்று நான் சொல்வது பலருக்கு எட்டாத காலம்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வறுமையே பாடத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கு ஒரே இணைப்பு என்றால், அனுப்பத் தகுந்த ஒன்றை முதலில் வெளியே போய்த் தேடியாக வேண்டும்.

கூகுள் எர்த் தந்ததைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. 2008இல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத் தொகுப்பு இலவசமான பிறகு, ஏரல் கடல் ஆண்டுக்கு ஆண்டு வற்றியதை எந்த வகுப்பும் கண்ணால் பார்க்க முடிந்தது; எந்த வெப்பமானியும் அதைக் காட்டாது. ஆனால் பார்ப்பது எளிதானபோது அளப்பது பின்னுக்குப் போனது. திரையில் வந்ததை அப்படியே ஏற்பதில் உள்ள ஆபத்துக்கு இணைய வரைபடங்களே சான்று. உருண்டையைத் தட்டையாக விரிக்க அவை கையாண்ட மெர்கேட்டர் வீழலில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு விரிந்து கிடக்கும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல ஏறத்தாழ 14 மடங்கு. கூகுள் மேப்ஸ் கணினித் திரையில் 2018இல்தான் இதை உருண்டையாக மாற்றியது. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான அமெரிக்கத் தேசிய மதிப்பீட்டில் புவியியலில் தேர்ச்சி நிலையை எட்டியவர்கள் 2014இல் 27 சதவீதம், 2018இல் 25 சதவீதம். பாட நேரம் குறைவாக இருந்ததும் காரணம் என்று அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2015இல் சுட்டிக்காட்டியது சரியே. பழியைத் தொழில்நுட்பத்தின் மேல் போட முடியாது. எனினும், படங்கள் பெருகினால் புரிதலும் தானாகப் பெருகும் என்ற நம்பிக்கைக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

பழைய வழி அறுந்தும் போகவில்லை. 2016இல் வந்த ‘குளோப் அப்சர்வர்’ செயலி, செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் நேரத்தைப் பயனருக்குச் சொல்கிறது. அந்த நேரத்தில் பிள்ளை வெளியே போய் வானத்தைப் படம் எடுத்து, மேகத்தின் வகையைக் குறித்து அனுப்புகிறது. மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு உயர்ந்த மேகங்கள் தாழ்ந்தவற்றை மறைத்துவிடுகின்றன. அப்படி மறைந்தது எது என்பதைத் தரையில் நிற்பவர்தான் சொல்ல முடியும்.