எடிட்டருக்குள் ஷெல் கட்டளைகள்: ஈடி முதல் ஈஷெல் வரை

கோப்புகளைப் பட்டியலிடுவது, நகலெடுப்பது, அழிப்பது ஆகியவை ஷெல்லின் வேலைகள். இவற்றை ஒரு உரை எடிட்டர் தன் சொந்த நிரல்வரிகளிலேயே எழுதிக்கொள்ளும் நிலை எப்படி வந்தது? வசதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த கதையாக இதைச் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் காரணம் விளங்காது. பயனர் இப்போது எந்த டைரக்டரியில் நிற்கிறார் என்ற தகவல் எந்த நிரலின் வசம் இருக்கிறது என்பதைத் தொடர்ந்து பார்த்தால், எடிட்டருக்குள் உள்ளமை கட்டளைகள் தோன்றியதன் தேவை தெளிவாகிறது. இக்கட்டுரை அந்த இழையைப் பின்பற்றுகிறது.

யூனிக்ஸின் தொடக்க ஆண்டுகளைப் பற்றி டென்னிஸ் ரிட்சி 1979-இல் சிட்னியில் நடந்த கருத்தரங்கொன்றில் வாசித்த கட்டுரை இதற்கு முதன்மையான சான்று. பிடிபி-7 கணினியில் முதலில் ஓடிய யூனிக்ஸில் ஒரு டெர்மினலுக்கு ஒரே ப்ராசஸ். ஷெல் தன் இடத்திலேயே கட்டளை நிரலை ஏற்றி ஓடவிடும்; அது முடிந்ததும் ஷெல் மீண்டும் அதே இடத்துக்கு வந்து அமரும். டைரக்டரி மாற்றும் கட்டளையும் மற்றவற்றைப் போலத் தனி நிரலாகவே இருந்தது, சிக்கலின்றி வேலையும் செய்தது. பின்னர், சேய் ப்ராசஸைத் தோற்றுவிக்கும் ஃபோர்க் என்ற வசதி வந்தது. ஒவ்வொரு கட்டளையும் ஷெல்லின் சேய் ப்ராசஸாக ஓடத் தொடங்கியதும் டைரக்டரி மாற்றும் கட்டளை பயனற்றுப் போனது. சேய் தன் டைரக்டரியை மாற்றிக்கொண்டு மறைந்துவிடும். தாயான ஷெல் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே அந்தக் கட்டளையை ஷெல்லுக்குள்ளேயே எழுத வேண்டியதாயிற்று. உள்ளமை கட்டளை என்ற வகையே இப்படித் தேவையால் பிறந்தது. வேகமோ வசதியோ அதற்குக் காரணமில்லை.

கென் தாம்சன் எழுதிய ஈடி எடிட்டர் இந்தப் பிரிவினையை அப்படியே ஏற்றுக்கொண்டது. அதில் ஆச்சரியக்குறியைத் தட்டி ஒரு கட்டளையை எழுதினால் அது ஷெல்லிடம் போகும். 1975-இன் ஆறாம் பதிப்பு யூனிக்ஸில், ஈடி ஒரு சேய் ப்ராசஸைக் கிளப்பி, ஒரே ஒரு வரியைப் படித்துவிட்டு வெளியேறும்படி ஷெல்லை அதில் ஓடவிட்டுக் காத்திருக்கும். பயனர் அந்த வரியில் டைரக்டரியை மாற்றினால் எடிட்டருக்கு அது எட்டாது. பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய ஈஎக்ஸ், விஐ இரண்டும் ஒரு படி முன்னேறின: உரையின் ஒரு பகுதியை வெளிக்கட்டளைக்கு அனுப்பி, அது தரும் விடையை அதே இடத்தில் வைக்க முடிந்தது. பத்தியொன்றை வரிசைப்படுத்த இன்றும் விஐ பயனர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் டைரக்டரி மாற்ற ஈஎக்ஸுக்குத் தனியாக ஒரு சிடி கட்டளை தேவைப்பட்டது. ஷெல்லைப் பிடித்த அதே காரணம்தான் எடிட்டரையும் பிடித்தது.

1985-இல் வெளிவந்த ஜிஎன்யூ ஈமாக்ஸ் வேறு வழியை எடுத்தது. எடிட்டர் உரையை வைத்துக்கொள்ளும் இடமான ஒரு பஃபருக்குள் ஷெல் தொடர்ந்து உயிரோடு இருக்கும். பயனர் அந்த பஃபரில் எழுதுவது ஷெல்லுக்குப் போகும். ஓலின் ஷிவர்ஸ் 1988-இல் எழுதிய காமின்ட் என்ற பொது அடித்தளம் இந்த முறையைச் செம்மைப்படுத்தியது. இங்கே டைரக்டரிச் சிக்கல் புது உருவில் வந்தது. ஷெல் ஒரு தனி ப்ராசஸ். அது எங்கே நிற்கிறது என்பது ஈமாக்ஸுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் கோப்பைத் திறக்கும்போது தவறான டைரக்டரியில் தேடும். அதனால் ஈமாக்ஸ் பயனர் தட்டும் வரிகளைக் கவனித்து, சிடி, புஷ்டி, பாப்டி என்ற சொற்கள் தென்பட்டால் அதற்கேற்பத் தன் கணக்கை மாற்றிக்கொண்டது. இது ஊகம்தான். பயனர் வேறொரு பெயரில் சிடியை மறைத்து வைத்திருந்தால் கணக்கு பிசகும். பிசகியபின் ஷெல்லிடமே கேட்டு ஒத்திசைப்பதற்கென ஒரு கட்டளையை நிரலாசிரியர்கள் சேர்த்தார்கள். இந்தத் திருத்தக் கட்டளை இருப்பதே அடிப்படை ஏற்பாட்டின் பலவீனத்துக்குப் போதிய சாட்சி.

இதே காலத்தில் இன்னொரு முனையிலிருந்தும் அழுத்தம் வந்தது. ஈமாக்ஸின் டைரக்டரி எடிட்டரான டிரெட், பட்டியலைப் பெற எல்எஸ் நிரலை நம்பியிருந்தது. எல்எஸ் இல்லாத இயங்குதளங்களில் அது முடங்கிவிடும். செபாஸ்டியன் கிரெமர் 1990-களின் தொடக்கத்தில் எழுதிய எல்எஸ்-லிஸ்ப், பட்டியலிடும் வேலை முழுவதையும் ஈமாக்ஸ் லிஸ்ப் மொழியிலேயே செய்தது. அடுத்த கட்டத்துக்கு இதுவே முன்னோடி என்பது என் கணிப்பு: ஒரு யூனிக்ஸ் கட்டளையை எடிட்டரின் மொழியில் மறுபடி எழுதலாம், எழுதினால் அது எங்கும் ஓடும் என்பதை இச்சிறு கோப்பு காட்டிவிட்டது.

அந்த அடுத்த கட்டம் ஈஷெல். ஜான் வீக்லி எழுதிய இந்த ஷெல், 2001 அக்டோபரில் வந்த ஈமாக்ஸ் 21 பதிப்போடு சேர்ந்தது. இதில் தனி ஷெல் ப்ராசஸ் கிடையாது. கட்டளை வரியைப் படித்துப் பொருள்கொள்வது ஈமாக்ஸேதான். ஈமாக்ஸ் ஓடும் இடமெல்லாம் ஈஷெல்லும் ஓடும். ஒரே நேரத்தில் பல ப்ராசஸ்களை நடத்த முடியாத எம்எஸ்-டாஸிலும் அது ஓடும்படி எலி சாரெட்ஸ்கி வழிசெய்தார்.

உள்ளமை கட்டளை எழுதும் முறை வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. பெயர் 'ஈஷெல்' என்ற சொல்லிலும் ஒரு சாய்கோட்டிலும் தொடங்கும்படி ஒரு லிஸ்ப் ஃபங்ஷனை எழுதினால் போதும், அது கட்டளையாகிவிடும். பயனர் ஒரு பெயரைத் தட்டியதும் முதலில் மாற்றுப்பெயர்கள், பிறகு இத்தகைய ஃபங்ஷன்கள், அதன்பிறகே வெளி நிரல்கள் என்ற வரிசையில் தேடல் நடக்கும். வெளி நிரல்தான் வேண்டும் என்றால் பெயருக்கு முன் ஒரு நட்சத்திரக்குறி இட வேண்டும். சிபி, எம்வி, ஆர்எம், எல்என், எம்கேடிர், கேட், டியூ ஆகியவை இப்படி லிஸ்பில் எழுதப்பட்டவை. தனக்குத் தெரியாத தெரிவு வந்தால் சிபி போன்ற கட்டளை வேலையை வெளி நிரலிடம் ஒப்படைத்துவிடும். கேட் கட்டளையும் ஒரு பைப்பின் நடுவே வந்தால் அப்படியே செய்யும். முழுமையாக நகலெடுக்க முயலாமல் எல்லை வகுத்துக்கொண்ட இந்த முடிவு மிகச் சரியானது.

சிடி கட்டளையைப் பாருங்கள். ஈமாக்ஸில் ஒவ்வொரு பஃபருக்கும் சொந்தமாக ஒரு இயல்பு டைரக்டரி உண்டு. ஈஷெல்லின் சிடி மாற்றுவது இந்த மாறியைத்தான். இங்கே ஊகிக்கவோ ஒத்திசைக்கவோ எதுவும் இல்லை. இரண்டு ஈஷெல் பஃபர்கள் இரண்டு டைரக்டரிகளில் நிற்கலாம். காய் குரோஸ்யோஹான் 1998-இல் தொடங்கி, 2007-இன் ஈமாக்ஸ் 22-இல் இணைந்த டிராம்ப், தொலைக் கணினியின் கோப்புகளையும் அதே பெயர்முறைக்குள் கொண்டுவந்தது. சிபி கட்டளை ஈமாக்ஸின் கோப்பு நகலெடுக்கும் ஃபங்ஷனையே அழைப்பதால், பாதையில் தொலைக் கணினியின் பெயரைக் குறிப்பிட்டாலே போதும், கோப்பு அங்கே போய்ச் சேரும். ஆர்எம் இன்னும் துணிவானது: தரப்படும் பொருளைப் பொறுத்து அது கோப்பை அழிக்கும், பஃபரை மூடும், ப்ராசஸை நிறுத்தும், லிஸ்ப் பெயரையும் நீக்கும். பஃபரையும் லிஸ்ப் பெயரையும் எந்த வெளி நிரலாலும் இப்படி நீக்க முடியாது, ஏனெனில் அவை எடிட்டருக்குள் மட்டுமே வாழ்பவை.

இதற்கு விலையும் உண்டு. ஈஷெல் ஒரு டெர்மினல் இல்லை. திரை முழுவதையும் ஆளும் டாப், லெஸ் போன்ற நிரல்களை அது பெர் பாத்னர் எழுதிய டெர்ம் பஃபருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. பைப்பின் வழியே போகும் தரவு ஈமாக்ஸின் ஊடாகப் போவதால் பெரிய கோப்புகளில் வேகம் குறைகிறது. கோப்பிலிருந்து உள்ளீடு பெறும் குறியீடு நெடுங்காலம் இல்லாமலேயே இருந்தது. 2023-இன் ஈமாக்ஸ் 29-இல் ஷான் விட்டன் சேர்த்த பகுதி, பைப்பை இயங்குதளத்தின் ஷெல்லிடமே ஒப்படைக்க வழி தந்தது. இருபது ஆண்டுகளுக்குமேல் தாமதம். குறை சொல்லத்தான் வேண்டும்.

மற்ற எடிட்டர்கள் இந்த வழியில் வரவில்லை. விம் ஒரு ஷெல் அல்ல என்று அதன் வடிவமைப்புக் குறிப்புகள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2018-இல் விம் 8.1 டெர்மினல் சாளரத்தைச் சேர்த்தபோதும் அதற்குள் ஓடியது உண்மையான வெளி ஷெல்தான். 2016 முதல் டெர்மினலைத் தன்னுள் கொண்டிருக்கும் விஷுவல் ஸ்டூடியோ கோடும் அவ்வாறே. அதனால் பழைய சிக்கல் அவற்றிடம் திரும்பியது. ஷெல் எந்த டைரக்டரியில் நிற்கிறது என்பதை எடிட்டர் அறிய, 2022-இல் விஷுவல் ஸ்டூடியோ கோடு ஷெல்லின் தொடக்கத்திலேயே ஒரு சிறு நிரல்துண்டைச் செலுத்தி, ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் டைரக்டரியைக் கண்ணுக்குத் தெரியாத குறிகளாக அனுப்பவைத்தது. ஷிவர்ஸின் காலத்து ஊகத்தைவிட இது நம்பகமானது. எனினும் தகவல் இன்னும் ஷெல்லின் வசமே இருக்கிறது. எடிட்டர் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில்தான் இருக்கிறது. சான்றுகளை ஒருசேர வைத்துப் பார்க்கையில், நடப்பு டைரக்டரியை முழுமையாகத் தன் வசமாக்கிக்கொண்ட பெரிய எடிட்டர் ஈமாக்ஸ்தான் என்றும், அதைச் சாத்தியமாக்கியது டெர்மினலைப் போலச் செய்யும் முயற்சியைக் கைவிட்டுக் கட்டளைகளைத் தானே எழுதிக்கொண்ட ஈஷெல்லின் முடிவு என்றும் கொள்ள வேண்டியிருக்கிறது.